புரொபெஷனல் என்றால் என்ன வேலை?

போன ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலில் ஒரு அம்மா என்னிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். சின்னக் கேள்விதான். எனக்கு வேர்த்துவிட்டது.

"மகள் என்ன செய்யிறா, அண்ணை?"

அவர் மிசிசாகாவிலிருந்து வந்தவர். மகன் எஞ்சினியர். சாதகம் ஏற்கெனவே பொருந்திவிட்டது. இனிப் பேச்சுத்தான் பாக்கி. என் மனைவி அர்ச்சனைத் தட்டோடு சிரித்தபடி நிற்கிறார். பக்கத்தில் மகள் வதனி.

நான் கொஞ்சம் யோசித்து, "புரொபெஷனல்" என்றேன்.

பொய்யில்லை. அவளுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த கடிதத்தில் அந்தச் சொல்தான் இருந்தது.

விளக்கிவிடுகிறேன்...

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் ரொறன்ரோ வந்தபோது வதனிக்குப் பதினைந்து வயது. ஊரில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் விளையாடியவள். இங்கே கூடைப்பந்து. இரண்டும் வளையத்துக்குள் பந்து போடுகிற வேலைதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இல்லையாம். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டும். கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும். முதல் நாள் பந்து கைக்கு வந்ததும் இவள் கல்லுப் போல நின்றுவிட்டாள். கோச் அம்மா 'ஓடு, ஓடு' என்று கத்தியிருக்கிறார். இவள் அசையவில்லை. எல்லாப் பெட்டைகளும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து அழுதாள். நான் என்ன செய்தேன்? வழக்கம்போல அவளைவிட அதிகமாகக் கவலைப்பட்டேன். என் பள்ளிக்கூடப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. கவலையில்தான் நான் பட்டதாரி.

பிறகு ஓடப் பழகினாள். ஆனால் அந்த நிற்கிற பழக்கம் முழுதாகப் போகவில்லை. அதுதான் அவளுக்கு வாய்த்தது! வேகமாக ஓடிவருவாள், சட்டென்று நிற்பாள். தடுக்க வந்தவள் நிற்க முடியாமல் தாண்டிப் போய்விடுவாள். அந்த ஒரு கணத்தில் இவள் பந்தை எறிந்துவிடுவாள். வலைப்பந்து வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. அதனால் பலகையில் பட்டு விழட்டும் என்று எறியவே இவளுக்குத் தெரியாது. நேரே உள்ளே.

இதையெல்லாம் கோச் அம்மா ஒருநாள் என்னிடம் வெகு நேரம் சொன்னார். வதனிதான் மொழிபெயர்த்தாள். "நல்லா விளையாடுறனாம், அப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். மிச்சத்தை அவள் விழுங்கிவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது யூனிவர்சிற்றி அணி. அதற்குப் பிறகு? இங்கே பெண்கள் விளையாடினால் கைதட்டுவார்கள். சம்பளம் கொடுக்கமாட்டார்கள். ஐரோப்பாவில் கொடுக்கிறார்கள். அங்கே ஜெர்மனியில் ஒரு கிளப் இவளை ஒரு வருடத்துக்குக் கேட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் போட வேண்டும்.

கொன்ராக்டை வரி வரியாக எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். இருபத்தொரு வயதுப் பிள்ளை, என் அனுமதி தேவையே இல்லை. ஆனாலும், "நீங்கள் ஓம் எண்டாத்தான் கையெழுத்து வைப்பன், அப்பா" என்றாள்.

பத்து நாளாக நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கால் முறிந்தால்? சாப்பாடு? பாஷை? திரும்பி வந்த பிறகு யார் கட்டுவார்கள்?

கட்டக்கூடியவரின் தாயார்தான் இப்போது கோயிலில் என் முன்னால் நிற்கிறார்.

"புரொபெஷனல்" என்றதும் அவருடைய முகம் மலர்ந்தது. எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல்லுக்கு மூன்றே மூன்று அர்த்தம்தானே.

"டொக்டரோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எக்கவுண்டன்டோ?"

அதுவும் இல்லை.

"அப்ப லோயரோ?"

'உடம்பு சம்பந்தப்பட்ட துறை' என்று ஒரு பதிலை நான் வீட்டிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். பாதிப் பொய், பாதி உண்மை. வாயைத் திறக்கும்போது வதனியைப் பார்த்தேன்.

ஐந்தடி பத்தங்குலப் பிள்ளை. தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து, அந்த அம்மாவின் உயரத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்காக.

பிள்ளைகள் கூனுவது புத்தகப் பையின் பாரத்தால் என்று சொல்கிறோம். எங்களுடைய கூச்சத்தின் பாரமாகவும் இருக்கலாம், இல்லையா?

"பந்து விளையாடுறா" என்றேன். "செப்டம்பரிலை ஜெர்மனிக்குப் போறா."

"விளையாட்டு நல்லதுதான், அண்ணை. நான் வேலை என்ன எண்டு கேட்டனான்."

"அதுதான் வேலை. சம்பளம் தந்து கூப்பிடுறாங்கள்."

என் மனைவியின் தட்டில் வாழைப்பழம் உருண்டது. வதனி மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, 'போறா' எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"அப்ப... ஓமோ?"

"கோயிலுக்குள்ளை நிண்டு பொய் சொல்லுவனே, பிள்ளை?"

அவள் நிமிர்ந்தாள். அந்த அம்மா இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

திங்கள் காலையில், அவள் கையெழுத்து வைத்த கொன்ராக்டோடு நானே போஸ்ட் ஒபிஸுக்குப் போனேன். ஜெர்மனிக்குத்தானே போகும் என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் மூன்று தரம் கேட்டேன். மூன்றாம் தரம் அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். மிசிசாகாவிலிருந்து இதுவரை போன் வரவில்லை. பரவாயில்லை.

இப்போது புதுக் கவலை ஒன்று. ஜெர்மனியில் இவளைத் தடுக்கப்போகிற பெட்டைகள் ஆறடி மூன்றங்குலமாம். இரண்டு நாள் நித்திரையில்லை. மூன்றாம் நாள்தான் யோசித்தேன்... அந்தப் பெட்டைகளுக்கும் அப்பாமார் இருப்பார்கள்தானே?

இனி அவர்கள் கவலைப்படட்டும்.