பங்குக்கொரு சாவி

முஜிபுர் ரகுமானுக்குக் கார் எலக்ட்ரிக்கல் வேலை. குவைத்தில் ஆறு வருடம் அதே வேலை பார்த்துவிட்டு வந்து, காரைக்குடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தான். தொழில் நன்றாகத்தான் போனது, கண்டனூர் சேவுகன் செட்டியார் அவனைத் திருடன் என்று சொல்லும்வரை.

நடந்தது இதுதான். செட்டியார் வீட்டுக் காருக்கு முஜிபுர் விளக்கு வயர் மாற்றிக் கொடுத்தான். மறுநாள் சென்னையிலிருந்து வந்த செட்டியார் சாவியைத் திருகினார். இன்ஜின் இரண்டு நொடி உறுமி அணைந்தது. எத்தனை தடவை திருகினாலும் அதே கதை. எதையோ கழற்றிவிட்டான் என்று அவனை வரவழைத்து, வாசலில் பத்துப் பேர் பார்க்கப் பையைக் கொட்டச் சொன்னார். கொட்டினான். அவனுடைய சாமான்கள்தான் விழுந்தன. வண்டியைத் தொட்டுப் பார்க்கக்கூட அவர் விடவில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டுக் காவல்காரர் மாயக்கண்ணன் எடுத்தபோது வண்டி ஒரே திருகில் கிளம்பியது. பயந்துபோய்த் திருட்டுத்தனமாக வந்து மாட்டிவிட்டான் என்றார் செட்டியார். மாயக்கண்ணன் அந்தப் பேச்சைக் கீழச்சிவல்பட்டி வரை கொண்டுபோனார். பெரிய வீடுகளிலிருந்து அழைப்பு நின்றது.

முஜிபுர் விடவில்லை. அதே மாயக்கண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தே விஷயத்தைக் கறந்தான். அந்த வீட்டில் மூன்று பங்கு. எந்தப் பூட்டானாலும் பங்குக்கொரு சாவி. செட்டியாரின் அப்பாவான பெரியவர் இறந்ததும் அவருடைய காருக்கும் அதே முறையைக் கொண்டுவந்தார்கள். இருந்தது ஒரே சாவி. கடையில் கொடுத்து இன்னும் இரண்டு வெட்டினார்கள். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். ஆனால் கம்பெனிச் சாவியின் தலைக்குள் ஒரு சிப் உண்டு. அதை அடையாளம் கண்டால்தான் வண்டி ஓடும். இல்லையென்றால் எழுந்த வேகத்தில் அணைந்துவிடும். அந்தச் சாவி செட்டியாரின் அண்ணி நாகம்மை ஆச்சியின் கொத்தில் கிடந்தது. மாயக்கண்ணன் எடுத்தது அதை வைத்துத்தான்.

இது தெரிந்தும் எட்டு மாதம் முஜிபுர் யாரிடமும் சொல்லவில்லை. கூட்டம் நிறைந்த ஒரு நாளில், அதே வாசலில், செட்டியாரின் சாவி மறுபடி தோற்க வேண்டும். தப்பு என்று தெரிந்தும், தொழுகை முடிந்து கேட்கும் துஆவில் அதையும் கேட்டான்.

ஆவணியில் ஆச்சி மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெரியவரின் காரில்தான் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதில் ஆச்சி பிடிவாதமாக இருந்தார். நான்தான் ஓட்டுவேன் என்று செட்டியார் தன் சாவியோடு ஏறினார். வண்டி உறுமி அணைந்தது. பத்தரைக்கு ராகுகாலம். வந்த மெக்கானிக்குகள் இரண்டு பேர் பேட்டரியை மாற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரிக்க, வேறு வழியில்லாமல் முஜிபுருக்கு ஆள் போனது.

அவன் வெறுங்கையோடு வந்தான்.

"பை எங்கப்பா?" என்றார் செட்டியார்.

"போன தடவையே கொட்டிக் காட்டிட்டேன்ல. நீங்களே திருகுங்க செட்டியாரே."

திருகினார். அணைந்தது. இன்னொரு பங்காளியின் சாவியை வாங்கிக் கொடுத்துத் திருகச் சொன்னான். அதுவும் அணைந்தது. சம்பந்தி வீட்டார் வாசல்வரை வந்துவிட்டார்கள். அப்புறம்தான் ஆச்சியிடம் சாவி கேட்டான். முதல் திருகிலேயே வண்டி ஓடியது. உடனே அணைத்தான். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சிப் விவரத்தைச் சொன்னான்.

செட்டியார் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"அன்னைக்கு என்னைய என்ன சொன்னீக? அத மாத்திச் சொல்லிட்டு வாங்கிக்கங்க."

"தெரியாம நடந்துபோச்சு. சாவியக் குடு."

"அது பதில் இல்லையே."

ஆச்சி கொழுந்தனாரைப் பார்த்தார். "சொல்லிருங்க. நேரமாகுது."

செட்டியார் தரையைப் பார்த்து முனகினார். "இவன் எதையும் எடுக்கலை. நான் சொன்னது தப்பு."

"பின்னாடி நிக்கிறவகளுக்குக் கேக்கலை செட்டியாரே."

கழுத்து நரம்பு புடைக்க அவர் மறுபடி சொன்னார். இன்னொரு தடவையும் கேட்கலாம் என்றுதான் முஜிபுருக்கு இருந்தது. ஆனால் காருக்குள் மாப்பிள்ளைப் பையன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். சாவியை ஆச்சியின் கையில் வைத்தான். மாயக்கண்ணனிடம், இதையும் கீழச்சிவல்பட்டிக்குக் கொண்டுபோகச் சொன்னான்.

ஆச்சி சாவியைக் கொடுக்க, செட்டியாரே காரைக் கிளப்பிக்கொண்டு போனார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், வேண்டாம் என்றான். வெயில் ஏறியும் வாசலை விட்டு நகரவில்லை. கோயிலிலிருந்து திரும்பி இறங்கும்போது செட்டியார் தன் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று அங்கேயே நின்றான்.