வாசலில் கட்டிப் பார்த்த கூடாரம்

கூடாரமெல்லாம் கடையில் சுலபமாகக் கிடைக்காத தொண்ணூறுகளில், மதுராந்தகம் ஏரிக்கரையில் ஓர் இரவு தங்கத் திட்டமிட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த அப்பாவும் வருவேன் என்று அடம்பிடித்தார். கட்டிப் பழகலாமே என்று வீட்டு வாசலில் மூங்கில் நட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.

சிறிது நேரத்தில் நண்பன் சேகர் மாலையோடு அழுதுகொண்டே வந்தான்.

“மச்சான், நைனா எப்படா போனாரு? நீ பந்தல் போட்டுகினு கீறேன்னு சொன்னாங்க.”

அப்பா உள்ளே தூங்குகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்! அறைக்குள் ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து டார்ச்சுக்கு பேட்டரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னாடா, கெளம்பலாமா?”

போன உயிர் திரும்பி வந்தது. விஷயம் தெரிந்து விழுந்து விழுந்து சிரித்தவர், அந்த மாலையைக் கூடாரத்துக்கே மாட்டச் சொன்னார்.

ஏரிக்கரையில் அன்றிரவு அப்பா பலமாகக் குறட்டை விட்டார். அதற்காகவே வீட்டில் அவரோடு சண்டை போடுகிறவன் நான். அன்று அதைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினேன்.