பிரிக்காத பொட்டலம்

கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் முதன்முதலாக என்னை யாரும் இறக்கவில்லை. அதைப் பெருமையாக நினைத்த என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இப்போதும் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசி, போர்க்காலம் அது. சோதனைச் சாவடிக்குச் சாவடி பஸ்ஸை நிறுத்துவார்கள். எல்லோரும் பையோடு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, கொஞ்ச தூரம் நடந்து மறுபடி ஏற வேண்டும். அட்டையில் தமிழ்ப் பெயரும் தோட்டத்து விலாசமும் இருந்தால் கூடுதலாக நாலு கேள்வி கேட்பார்கள். பொலிஸில் சேரும்வரை நானும் அப்படி இறங்கி ஏறியவன்தான். சீருடை போட்ட பிறகு கண்டக்டரே முன் ஆசனத்தைக் காட்டினான். சாவடியில் நின்ற சிப்பாய் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். என் பை மேல்தட்டில் நிம்மதியாகக் கிடந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் பசறைப் பக்கம். கீழ்ப் பிரிவில் பழைய லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள்; அதில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்தாள். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்புக்குப் போய் ஒரு மொத்தக் கடையில் சீனி மூட்டை தூக்கினான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் எங்கள் மேல் லயத்துக்காரர். அதே கடையில் பல வருடமாக இருந்தவர். அண்ணன் தூக்கிய மூட்டையில்தான் நான் உயர்தரம் வரை படித்தேன். இதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. மறந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

நான் பொலிஸில் சேர்ந்து கொழும்பில் ஒரு நிலையத்தில் இருந்தபோதுதான் அண்ணன் ஹெரோயின் பிடிக்கிறான் என்று தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அதைத் தூள் என்பார்கள். கடையின் பின்பக்கம் கோணிகளின் மேல் குந்தியிருந்தான். என்னைப் பார்த்ததும் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தான். கை குச்சி போல இருந்தது. நான் சொல்லியனுப்பி அம்மா கொழும்புக்கு வந்தாள். இருவருமாகச் சேர்ந்து அவனை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். வந்த புதிதில் வாந்தி, நடுக்கம், சுவரில் தலையை முட்டிக்கொள்வது எல்லாம் இருந்தது. அம்மா வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே கிடந்தாள். பிறகு மெல்லத் தெளிந்தான். ரொட்டி கேட்டு வாங்கித் தின்றான். மூன்றாம் மாதம், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் போய் நின்று பெயர் கொடுத்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனானாம். அதை அம்மா கடைவீதிப் போனில் சொன்னபோது நிலையத்துக் கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன்.

மாதத்துக்கு ஒருமுறை லீவில் வருவேன். வெறுங்கையோடு வந்ததில்லை. தோடம்பழம், மால்ட் டின், கடையில் அவன் விட்டுவந்த துணிமணி. துணிகளை மேல் லயத்துக்காரர்தான் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடி எடுத்து, கட்டி, நிலையத்து வாசலுக்கே கொண்டுவந்து தருவார். அண்ணன் திரும்ப ஒரு தேயிலைப் பொட்டலத்தை அவருக்கென்று கொடுத்துவிடுவான். நன்றியுள்ளவன் என்று நினைத்தேன். நான் வரும் நாளில் காலையிலிருந்தே வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் காத்திருப்பான். பாதையில் என் தலை தெரிந்ததும் எழுந்து பாதி வழிக்கு ஓடி வருவான். பையை வாங்கிக்கொள்வான்.

ஐந்தாம் மாதம் மறுபடி மெலிந்தான். வேலைக்குப் போகவில்லை. அம்மாவின் தோடு காணாமல் போனது. எதிர்க் காம்பரா அக்காதான் எடுத்தாள் என்று நினைத்து அம்மா அவளோடு பேச்சை விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அண்ணன் காம்பராவுக்குள்ளேயே செத்துப் போனான். நான் வந்து சேர்ந்தபோது சாவுத் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் அவனுக்குப் போட்டிருந்தது கடையிலிருந்து நான் கொண்டுவந்த சட்டை.

அன்றைக்கே எனக்கு வெறி பிடித்துவிட்டது. அவனுக்குத் தூளை எவன் கொண்டுவந்து கொடுத்தான்? லயத்துக்கு வரும் பாதை ஒன்றே ஒன்றுதான். வெளியாள் ஒருவன் கால் வைத்தால் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்திலிருந்து கோயிலடி வரைக்கும் செய்தி போய்விடும். அம்மாவைக் கேட்டேன், அக்கம்பக்கத்தைக் கேட்டேன், கங்காணியைக் கேட்டேன். யாரும் வரவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அவனைக் கண்டுபிடிக்காமல் என் கட்டை வேகாது என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த நினைப்போடுதான் போதைப்பொருள் விசாரணைக்கு மாற்றம் கேட்டு எழுதிப் போட்டேன். ஒருமுறை அல்ல, வருடக்கணக்காக எழுதினேன். கடைசியில் பதுளையில் அந்த வேலை பார்த்த சிறிய குழு ஒன்றுக்குத் தமிழ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. என் திறமையைக் கண்டு யாரும் மயங்கிவிடவில்லை.

போன புதிதில் நான் ஒரு வாய் மட்டும்தான். அவர்கள் சிங்களத்தில் கேட்பார்கள், நான் தமிழில் கேட்பேன், பதிலைத் திருப்பிச் சொல்வேன். மிச்ச நேரத்தில் பிளேன்டீ வாங்கி வருவேன். ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சாமான் பிடிபட்டால் பிடிபட்டவனோடு நிற்காமல் அவனுக்கு முந்திய கையைத் தேட வேண்டும். அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று ஒரு தாளில் கீழிருந்து மேலாக எழுதிக்கொண்டே போவார்கள். இன்ஸ்பெக்டர் கோபக்காரர். ஒரு கை விடுபட்டாலும் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். அந்தத் தாளை எழுதக் கற்றபோது, அண்ணனுக்கு ஒரு தாள் மனதுக்குள் தொடங்கினேன். அடியில் அவன் பெயர். அதற்கு மேலே காலியாகவே கிடந்தது.

கொஸ்லந்தைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைக் கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸில் வைத்துப் பிடித்தோம். வெள்ளைச் சாரம், நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு துணிப் பொட்டலம். உள்ளே இரண்டு பாவாடை. அவற்றுக்கு நடுவில் தூள். பெரியவர் நடுங்கவில்லை. என்ன நடக்கிறதென்றே அவருக்கு விளங்கவில்லை.

"தெரிஞ்ச வூட்டுப் புள்ள குடுத்துச்சுங்க. ஊருக்குப் போறவன், வாங்க மாட்டேன்னு எப்படிங்க சொல்றது?" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எவனாவது சுமப்பானா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நான் எடுத்துச் சொன்னேன். லயத்துக்குத் தபால்காரன் வருவதில்லை. கடிதமும் பார்சலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அங்கே பலர் கைபட்டு, ஒருநாள் பெரட்டில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். சில நாள் கொடுக்கவே மாட்டார்கள். அதனால் எங்கள் ஆட்கள் எதையும் தபாலில் போடுவதில்லை. ஊருக்குப் போகிறவர் கையில்தான் கொடுப்பார்கள். வயதுக்கு வந்த பிள்ளைக்குப் பாவாடை, மூட்டுவலி எண்ணெய், பேரப்பிள்ளையின் படம், எல்லாம் அப்படித்தான் மலையேறும். கொடுத்தால் வாங்க வேண்டும். வாங்கினால் பிரிக்கக் கூடாது. பிரிப்பது, கொடுத்தவரைத் திருடன் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சார், நானும் அப்படித்தான் கொண்டுபோயிருக்கிறேன் என்றேன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேசையில் கிடந்த கட்டுக்கயிறு என் கண்ணில் பட்டது. மஞ்சள் நைலோன் நூல், சீனி மூட்டையின் வாயைத் தைக்கிற நூல். அதை இரட்டையாக முறுக்கி, முடிச்சுக்கு மேலே ஒரு காது விட்டிருந்தது. அந்தக் காதில் விரலை விட்டுப் பொட்டலத்தைத் தூக்கலாம். அண்ணனின் துணிக்கட்டை நான் மாதாமாதம் அப்படி விரலை விட்டுத் தூக்கியிருக்கிறேன்.

அன்று எப்படி ஊருக்குப் போனேன் என்று தெரியாது. பசறையில் இறங்கி நடந்தது மட்டும் நினைவிருக்கிறது. வழியெல்லாம் எனக்காக நானே வாதாடினேன். துணிதானே கொண்டுபோனேன், துணிதானே. அம்மா வேலை முடிந்து வந்து ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். நான் காலிலிருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணன் திரும்பி வந்தப்புறம் அவனப் பாக்க யாரும்மா வந்தாங்க?"

"இன்னும் எத்தன தடவ கேப்ப? ஒருத்தரும் வரல."

"யாரும் எதுவும் குடுத்து விடலயா?"

"நீதானேப்பா கொண்டாந்த, அவன் துணிமணிய. நீ வர்றன்னாலே விடிஞ்சதுலருந்து இஸ்தோப்புல குந்திக்கிடப்பான். தம்பி மேல எம்புட்டுப் பாசம்னு நான்…"

கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். சீருடையைப் பார்த்தாள். பிறகு மறுபடி மாவைப் பிசையத் தொடங்கினாள். அது பிசைந்து முடிந்த மா. அதற்கு மேல் பிசைய ஒன்றும் இல்லை. ஆனாலும் வெகுநேரம் பிசைந்தாள். அவள் கத்தியிருக்கலாம். கையிலிருந்ததை என் மேல் எறிந்திருக்கலாம். நான் அதற்காகத்தான் அங்கே நின்றேன். தோடு எந்த வழியாகக் கொழும்புக்குப் போனது என்பதும் அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. தேயிலைப் பொட்டலத்தையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை.

காலியாகக் கிடந்த தாள் நிரம்பிவிட்டது. அண்ணனுக்கு முந்திய கை என்னுடையது. சாவடி சாவடியாக, அரசாங்கத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு, யாரும் தொடாதபடி பத்திரமாகக் கொண்டுவந்து, பெற்ற தாயின் கண் முன்னால் அவன் கையில் கொடுத்தவன் நான். வேறு எவனாலும் முடியாத வேலை. மேல் லயத்துக்காரர் ஆளைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. செத்தவன் செத்துவிட்டான், இதை எழுதினால் நீ சாட்சியாகிவிடுவாய், சாட்சிக்கும் மேலே ஏதாவது ஆனாலும் ஆவாய், அந்தக் கடையைப் பற்றி ரகசியத் தகவல் கிடைத்ததாக மட்டும் எழுது, உன் கையை விட்டுவிடு என்றார். ஒரு கை விடுபட்டால் தாளைக் கிழிக்கிற மனிதர் அப்படிச் சொன்னார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, மிகவும் ஆசையாக இருந்தது. ஆனால் அந்தப் பெரியவர் கூண்டுக்குள் குந்தியிருந்தார். தெரியாமல் சுமப்பதும் உண்டு என்று இந்த அறையில் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். என்னுடைய வாக்குமூலத்தை நானே எழுதினேன். எந்த மாதம், எத்தனை பொட்டலம், என்ன நூல், எந்தச் சீருடை என்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதனால் பெரிதாக என்ன கிடைத்தது? பெரியவர் சில மாதம் உள்ளே இருந்துவிட்டுப் பிணையில் வந்தார். கடையைச் சோதித்தபோது மேல் லயத்துக்காரர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பாவாடைப் பொட்டலத்தைக் கட்டியவன் அவரிடம் முடிச்சுப் போடப் பழகிய வேறொருவன். அவனும் நழுவிவிட்டான். மேல் லயத்துக்காரர் எங்கே என்று இன்றுவரை தெரியாது. என்னை இரண்டு முறை விசாரித்தார்கள், கொஞ்ச காலம் ஓரங்கட்டினார்கள், தமிழ் பேச வேறு ஆள் இல்லாததால் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு என்னைப் பிளேன்டீ வாங்க யாரும் அனுப்பவில்லை. விசாரணைக்காரன் ஆகிவிட்டேன் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

அடுத்த வருடம் ஒரு வழக்குக்காகக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் லயத்தை விட்டு இறங்கும்போது எதிர்க் காம்பரா அக்கா ஓடி வந்தாள். தோட்டை எடுத்தவள் என்று நாங்கள் பேச்சை விட்டிருந்தவள்; செத்த வீட்டுக்கு அப்படியும் மூன்று நாள் சோறு ஆக்கிப் போட்டவள். அம்மா அவள் காலில் விழாத குறையாகப் பேசிய பிறகு, அப்போதுதான் அவள் எங்களோடு மறுபடி வாய் திறந்திருந்தாள். அவளுடைய மகள் கொழும்பில் தையல் தொழிற்சாலையில் இருந்தாள். மகளுக்கென்று ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

நான் அதை வாங்கிக்கொண்டு நடந்திருக்க வேண்டும். நடக்க முடியவில்லை. பாதையோரக் கல்லில் வைத்து அவள் முன்னாலேயே முடிச்சை அவிழ்த்தேன். வாழை இலைக்குள் முறுக்கு. ஒவ்வொன்றாக எடுத்து, இலையைத் திருப்பி, அடியில் தடவிப் பார்த்தேன். என் விரல்கள் அந்த வேலையைத் தாமாகச் செய்தன.

"எங்கிட்டயுமா தம்பி?" என்றாள்.

மறுபடி கட்டிக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த அக்கா என்னிடம் எதையும் கொடுத்துவிடவில்லை. லயத்தில் வேறு யாரும் கொடுக்கவில்லை. நான் கொழும்புக்குப் போகிறேன் என்று தெரிந்தாலும் பஸ்ஸில் வேறு ஆளைத் தேடுகிறார்கள்.

அம்மா மட்டும் இன்னும் எனக்குப் பலகாரம் தருகிறாள். கட்டித் தருவதில்லை. ஒரு பையில் போட்டு, வாயை விரித்து, உள்ளே இருப்பது தெரியும்படி என் முன்னால் பிடிக்கிறாள். நான் பார்த்து முடிக்கும்வரை அப்படியே நிற்கிறாள்.