எதிர் டவர்ல இருந்து கை ஆட்டினவன்

சிரிக்க மாட்டீங்கன்னா சொல்றேன் சார். காத்து கருப்புன்னு யாராவது பேச ஆரம்பிச்சா எழுந்து போய்டற ஆளு நான். எங்க தெருவுல ஒருத்தி சாமி வந்து ஆடுனா கூட, வீட்ல இவளுக்கு இன்னா பேஜாரோன்னு தான் எனக்குத் தோணும். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், நான் பாத்தது பாத்தது தான்.

எழுபத்தெட்டோ எழுபத்தொம்போதோ, என் பொண்டாட்டி குப்பம்மா காய்ச்சல்ல போய்ட்டா. குடியாத்தத்துல லுங்கி நெய்யுற குடும்பம் எங்களுது, நான் தறியில உக்காந்தா அவ பக்கத்துல ராட்டையில தார் நூல் சுத்துவா, அவ போனப்புறம் அந்த வீட்ல உக்காரவே முடியல. கோடையில காட்டுத்தீ பாக்க ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு கிளம்பிட்டேன். பேர்ணாம்பட்டு தாண்டி, ஆந்திரா பார்டர்ல மலை மேல ஒரு இரும்பு டவர், வெள்ளக்காரன் காலத்துல வச்சதாம். ஏணியில ஏறினா மேல தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு. புகை தெரிஞ்சா அங்க தொங்கற தண்டவாளத் துண்ட அடிக்கணும், கீழ் ஊர்ல இருந்து ஆளுங்க ஓடி வருவாங்க. அவ்ளோ தான் வேலை. ஃபாரஸ்ட் கார்டு ரத்தினம் வாரத்துக்கு ஒரு வாட்டி அரிசி பருப்பு போட்டுட்டு உடனே இறங்கிடுவார். மத்த நாளெல்லாம் நானும் வெயிலும் தான். பேசாமயே இருந்து இருந்து, ஒரு நாள் இருமினப்போ என் சத்தமே எனக்குப் புதுசா இருந்துது.

அப்போ தான் எதிர் மலையில இன்னொரு டவரப் பாத்தேன். பள்ளத்துக்கு அந்தாண்ட, ஆந்திரா பக்கம். மேல ஒரு ஆளு நின்னுனு இருந்தான், மூஞ்சி தெரியல, கை கால் அசையறது தெரியும். தோள்ல கிடந்த லுங்கிய எடுத்து சும்மா ஆட்டினேன். அவனும் வெள்ளையா ஏதோ துணிய எடுத்து ஆட்டினான். நம்புவீங்களோ மாட்டீங்களோ, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

அதுல இருந்து காலையில ஒரு வாட்டி, பொழுது சாயறப்போ ஒரு வாட்டி. தெலுங்குக்காரன் போல, அவனுக்கும் யாரும் இல்ல போலன்னு நானே நெனச்சுக்கிட்டேன். அவன் காதுல விழாதுன்னு தெரிஞ்சும் குப்பம்மா கதையெல்லாம் அவனுக்கு சொல்லுவேன். ஒரு பேச்சு பேசாமலே தோஸ்த் ஆய்ட்டான்.

சித்திரை கடைசி. மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டு கண்ணசந்துட்டேன். திடுக்குன்னு முழிச்சுப் பாக்கறேன், அவன் ரெண்டு கையையும் போட்டு ஆட்டறான். மத்தியானத்துல அவன் ஆட்டினதே இல்ல. அப்புறம் என் காலுக்குக் கீழ கை காட்டறான், திரும்பத் திரும்ப அதே இடத்த. டவருக்கு முன்னாடி ஒரு பெரிய பாறை துருத்தினு இருக்கும், அதுக்குக் கீழ இன்னா நடந்தாலும் எனக்குத் தெரியாது. இறங்கிப் போய் பாறை மேல படுத்து எட்டிப் பாத்தா, மூங்கில்ல தீ. அப்போ தான் புடிச்சிருக்கு, புகை கூட மேல எழும்பல. அதுக்கு இந்தாண்ட விறகு பொறுக்கற பொம்பளைங்க ஏழெட்டு பேரு, ஒண்ணுமே தெரியாம குனிஞ்சினு இருக்காங்க. கத்தினேன், ஓடி வந்து தண்டவாளத்த கை மரத்துப்போற வரைக்கும் அடிச்சேன். கட்டையெல்லாம் போட்டுட்டு ஓடை வழியா ஓடினாங்க. கடைசியா ஓடினவ முந்தானை கருகியிருந்துதாம். உசுருக்கு ஒண்ணும் ஆவல. ஊர் ஜனம் வந்து பச்சைக் கிளைய ஒடிச்சு அடிச்சு, பொழுது சாய தீய அணைச்சுது.

மறுநாள் ரத்தினம் வந்து, "நல்லா பாத்தப்பா, பெரிய புண்ணியம்"ன்னார்.

"எனக்கு இன்னா சார் புண்ணியம், எதிர் டவர்காரன் தான் காட்டினான்."

"எந்த டவரு? அங்க ஆளே கிடையாதேப்பா. எங்கப்பா கார்டா இருந்தப்பவே ஏணி விழுந்துபோச்சு, அப்பவே அத விட்டுட்டாங்க."

எனக்கு கோவம் வந்துடுச்சு. தினம் பாக்கற ஆள இல்லன்றாரேன்னு, அவர இழுத்துக்கிட்டே போய்ட்டேன். பள்ளம் இறங்கி ஏற அரை நாள் ஆச்சு. போய் பாத்தா நாலு இரும்புக் கால், மேல ஓட்டை ஓட்டையா துருப்புடிச்ச தட்டு. ஏணி இல்ல. சுத்தி இடுப்பு உசரத்துக்கு முள்ளு, ஒத்தையடிப் பாதை கூட இல்ல. அண்ணே, அண்ணேன்னு கூப்ட்டுப் பாத்தேன்.

"போலாம் வா"ன்னு திரும்பின ரத்தினம் அப்டியே நின்னுட்டார். எங்க மலையப் பாத்துனு இருந்தார்.

"உன் டவர்ல யார விட்டுட்டு வந்த?"

"யாரையும் இல்லியே சார்."

நானும் பாத்தேன். நான் தினம் நிக்கற அதே இடத்துல ஒரு ஆளு நின்னான். எங்களப் பாத்து கைய தூக்கி மெதுவா ஆட்டினான். ரத்தினம் என் கைய கெட்டியா புடிச்சுக்கிட்டார். "பாக்காத. நட."

நடந்துட்டேன். அந்த டவருக்கு மறுபடி போகவே இல்ல, என் சட்டை, சட்டி, போர்வை எல்லாம் அங்கயே கெடந்துது. குடியாத்தம் வந்து தறியில உக்காந்தேன், அப்புறம் இன்னொரு கல்யாணம், புள்ளைங்க, எல்லாம் ஆச்சு. அது யாரு, இன்னாது, ஒண்ணும் எனக்குத் தெரியாது. பயம் கூட இப்போ இல்ல.

ஆனா ஒண்ணு சார். அந்தத் தனிமையில பதிலுக்கு ஒரு கை எழுந்தா எப்டி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் அன்னிக்கு நான் கைய தூக்கல. பள்ளத்து மரங்களுக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி திரும்பிப் பாத்தேன். அப்பவும் அவன் ஆட்டினே இருந்தான்.