கையில் திணிக்கப்பட்ட ஆய்வகச் சாவி

முதலில் வந்தது வாசனை. ரப்பர் கருகுகிற வாசனை. கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு எதிரே என் ஜோடி பவித்ரா உட்கார்ந்திருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்ததும் நான் பொத்தானை அழுத்த வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவள் அளக்க வேண்டும். ராட்டினம் கீழே இறங்கும்போது வயிற்றில் ஒன்று எழும்புமே, அது தொண்டை வரை எழும்பியது. இந்தக் கணம் முன்பே ஒருமுறை நடந்து முடிந்தது என்று அடித்துச் சொல்லத் தோன்றியது. அடுத்து எனக்குத் தெரிந்தது, பவித்ரா என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தன வாட்டி லைட் போட்டேன் தெரியுமா? எங்கடி போன நீ?"

நான் எங்கும் போகவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

நாங்கள் உளவியல் ஆனர்ஸ் மூன்றாம் ஆண்டு. தாம்பரத்துப் பக்கம் ஒரு கல்லூரி. செய்முறை வகுப்பில் இரண்டிரண்டு பேராகப் பிரிவோம். ஒருத்தி சோதனை நடத்துவாள், மற்றவள் சோதிக்கப்படுவாள். சோதிக்கப்படுபவளை 'சப்ஜெக்ட்' என்போம். இது பாடத்திட்டம். பாடத்திட்டத்தில் இல்லாத பழக்கம் ஒன்றும் எங்களுக்கு இருந்தது. மனநோய்கள் பற்றிய தாள் தொடங்கியதும் ஆளுக்கொரு நோயைக் கண்டுபிடித்து ஒட்டிவிடுவோம். விடுதியில் துணியை இன்னொரு முறை அலசியவளுக்கு ஓசிடி. கேன்டீனில் சிரித்துவிட்டு உடனே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவளுக்கு பைபோலார்.

எனக்கு வகுப்பே கூடி முடிவு செய்தது: பேனிக் அட்டாக் (காரணமின்றித் திடீரென்று தாக்கும் கடும் பயம்). நானும் பெரிய மேதை மாதிரித் தலையாட்டினேன். பல வாரங்கள் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் நின்று மூச்சை நிதானமாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு நன்றாகத்தான் வந்தது. வாசனையும் கூடவே வந்துகொண்டிருந்தது.

கடைசியில் கவனித்தது அம்மா. சிட்லபாக்கம் வீட்டில் ஒரு காலை தோசை போட்டுக்கொண்டே என்னோடு பேசியவள், பதில் வராமல் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அன்றே குரோம்பேட்டையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

நான் பாடப்புத்தகச் சொற்களில் என் நிலையை விளக்க ஆரம்பித்தேன். மருத்துவர் கையை உயர்த்தினார்.

"நீ சொன்னது போதும்மா. அந்த நேரத்துல நீ அங்க இல்ல. பாத்தவங்க சொல்லட்டும்."

அம்மா சொன்னாள். "வாயில ஒண்ணுமே இருக்காது டாக்டர், மென்னுக்கிட்டே இருப்பா. துப்பட்டா நுனிய பிச்சுக்கிட்டே இருப்பா. கூப்பிட்டா அவ கண்ணு நம்மள தாண்டி எங்கயோ போகும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மனிதர்களின் நடத்தையை மூன்று வருடமாகப் படிக்கிறேன். என் நடத்தை என்ன என்பதை அம்மா வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஈஈஜி (தலையில் சிறு கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வது) எடுத்தார்கள். எம்ஆர்ஐ (பெரிய காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து மூளையைப் படமெடுப்பது) எடுத்தார்கள். ஃபோகல் வலிப்பு (மூளையின் ஓரிடத்தில் மட்டும் கிளம்பும் மின்கொந்தளிப்பு) என்றார் மருத்துவர். சில சமயம் மூளை முழுவதும் பரவி, கைகால் வெட்டி இழுக்கலாம் என்றும் சொன்னார்.

மருத்துவமனைப் படியிலேயே அம்மா என் கையைப் பிடித்தாள். "யார்கிட்டயும் சொல்லாத. கேட்டா மைக்ரேன்னு சொல்லிடு. நாளைக்கு ஒரு எடத்துல பேசணும்னா..." கல்யாணப் பேச்சைத்தான் சொன்னாள். வலிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவே வராது. 'அது' என்பாள். "இன்னிக்கு அது வந்துச்சா?" என்று கேட்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

மாத்திரை தொடங்கியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் சில வாரங்கள் நீங்கள் நீங்களாக இருக்க மாட்டீர்கள். வகுப்பில் தூங்கி வழிந்தேன். 'கரண்டி' என்ற சொல் கிடைக்காமல் 'குழம்பு எடுக்கறது' என்று கேட்டேன். சும்மா சும்மா கோபம் வந்தது. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் போய்ச் சண்டை போடுங்கள். அளவை மாற்றித் தருவார், எனக்கு மாற்றினார்.

அளவு மாறிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில்தான் ஆய்வகத்தில் விழுந்தேன். கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். நாக்கு கடிபட்டிருந்தது. சுடிதார் நனைந்திருந்தது. வலது உள்ளங்கையில் ஏதோ குத்தியது. பார்த்தால், ஆய்வகத்துச் சாவிக்கொத்து. அலமாரிச் சாவி, பூட்டுச் சாவி எல்லாம் சேர்ந்த கனமான கொத்து. திணித்தவர் எங்கள் துறைத் தலைவர். மூளையின் நரம்புச் செல்களைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கிறவர். கூடவே நின்று என் விரல்களை மூடிப் பிடித்தவர்கள், அந்தப் பாடத்தில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர்கள்.

"இது எந்த புக்ல இருக்கு மேடம்?" என்று கேட்டேன். நாக்கு வீங்கியிருந்ததால் யாருக்கும் புரியவில்லை. தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்துப் பாட்டிலை நீட்டினார்கள்.

இரும்பு ஒன்றும் செய்யாது. வலிப்பு தானாக அடங்குகிறது, பெயர் சாவிக்குப் போகிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்துங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்குத் தூக்குங்கள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பவித்ரா என் எதிரே உட்காரவில்லை. "பயமா இருக்குடி. எனக்கு முன்னாடி வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். கண் கலங்கித்தான் சொன்னாள். அதனால் என் கோபம் குறையவில்லை. வேறு யாரும் வரவில்லை, ஜூனியர்கள் உட்பட.

மேடம் அறைக்கு அழைத்தார். "ஒரு வருஷம் கேப் எடுத்துக்கோம்மா. நாளைக்கு கவுன்சிலிங்ல கிளையன்ட் முன்னாடி வந்துச்சுன்னா?"

"வந்தா வரட்டும் மேடம். முடிஞ்சதும் எங்க விட்டோம்னு அவங்கள கேட்டுட்டு கன்டினியூ பண்ணுவேன்."

"வாய் நல்லா பேசற. ப்ராக்டிகல் எக்ஸாம்ல உனக்கு சப்ஜெக்டா யாரு உக்காருவாங்க?"

"கூட்டிட்டு வந்தா?"

"வா. பாக்கலாம்."

யாரும் கிடைக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். சப்ஜெக்ட் இல்லாமல் செய்முறைத் தேர்வு இல்லை, செய்முறை இல்லாமல் பட்டம் இல்லை.

வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்போ காலேஜ்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

கத்தியைக் கீழே வைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சப்ஜெக்ட்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

தேர்வன்று கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வந்தாள், கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி. எனக்குக் கிடைத்தது கண்ணாடிச் சோதனை. நட்சத்திரப் படத்தை ஒரு தடுப்பு மறைத்திருக்கும். எதிரே உள்ள கண்ணாடியில் மட்டும் பார்த்து, அதன் கோட்டின்மேல் பென்சிலால் வரைய வேண்டும். கை எதிர்ப்பக்கம் இழுக்கும். வேறு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் பக்கத்தில் நின்றார். நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள்.

அப்போது ரப்பர் கருகியது.

அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னவள் அடுத்த மேசையில் இருந்த பவித்ரா. நான் வெறும் வாயை மென்றுகொண்டு, துப்பட்டாவைப் பிய்க்கத் தொடங்கினேனாம். மேடம் மேசையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாராம். அம்மா இடது கையை நீட்டித் தடுத்திருக்கிறாள்.

"சாவியெல்லாம் வேணாம் மேடம். என் பொண்ணுக்கு வலிப்பு இருக்கு. தானா வந்துடுவா. கொஞ்சம் இருங்க."

ஆய்வகம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாளாம்.

அந்தப் பட்டத்தை வாங்கிவிட்டேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதற வேண்டாம். இப்போது மேற்படிப்பு படிக்கிறேன். வலிப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை. போனால்தான் வாழ்வேன் என்று அதனிடம் கெஞ்சப் போவதுமில்லை. என் உடம்பு சொல்லாமல் கொள்ளாமல் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வருகிற உடம்பு. அந்த நேரம் என்னிடம் இருக்காது, பக்கத்தில் இருந்தவரிடம் இருக்கும். முன்பு அதைக் கேட்க வெட்கப்பட்டேன். இப்போது கேட்டு வாங்கிக்கொள்கிறேன், அது என்னுடையது.

அன்று நான் திரும்பி வந்தபோது என் கையில் சாவி இல்லை. ஸ்டாப்வாட்ச் இருந்தது, ஓடிக்கொண்டிருந்தது. எதிரே அம்மா.

"எங்கம்மா விட்டோம்?"

"மூணாவது முனையில. தாள்லேருந்து பென்சில எடுக்கவே இல்ல, பாரு."

தேர்வாளர் குனிந்து, "ரெஸ்ட் எடுத்துக்கறியாம்மா?" என்றார்.

"வேணாம் சார். இந்த டிரையல் செல்லாது. முதல்லேருந்து எடுக்கறேன்."

புதிய தாளை வைத்தேன். ஸ்டாப்வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.

"ரெடியாம்மா?"

"நான் அப்பவே ரெடி," என்றாள் அம்மா. "நீ?"