கரடிக்கு ஒரு க்ளோசப்

அவரைக் கரடி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று யூனியன் அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் எழுப்பியதில்லை. முதல் படத்தில் கரடி வேஷம் போட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் குரங்கு, ஓநாய், பேய், ஒரு குழந்தைகள் படத்தில் முதலையின் பின்பாதி என்று எத்தனையோ வேஷங்கள். முதலையின் முன்பாதியில் இருந்தவனுக்கு டைட்டிலில் பெயர் போட்டார்கள். பின்பாதிக்குப் போடவில்லை. சினிமாக்காரர்களின் நன்றியுணர்ச்சி அவ்வளவுதான்.

ஆள் ஆறடிக்கு மேல். பின்னாலிருந்து பார்த்தால் பயமாக இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் நிறுத்தி வழி கேட்கத் தோன்றும். அப்படி ஒரு சாதுவான முகம். அந்த முகத்தைத்தான் இத்தனை வருஷத்தில் ஒரு படத்திலும் காட்டவில்லை.

வீட்டில் இது தீராத பேச்சு. அவர் மனைவி ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே நாலு பேரை நாராய்க் கிழிக்கக்கூடியவள். அவர் நடித்த படம் வரும்போதெல்லாம் மாடி வீட்டுக்காரர்கள், "இதுல உங்க வீட்டுக்காரர் எங்க வர்றாரு?" என்று கேட்பார்கள். "அந்த ரோமத்துக்கு உள்ள எங்கயாவது இருப்பாரு, தேடிப் பாருங்க" என்பாள். அவரிடமே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள்: "நடிப்புன்னா மூஞ்சி வேணுங்க. நீங்க செய்யறது நடிப்பில்ல, மூட்டை தூக்கறது."

அவர் சிரித்து மழுப்பிவிடுவார். ஆனால் அது உள்ளே தைத்துக்கொண்டே இருந்தது. அவருக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. தன்னைக் கட்டிக்கொண்டவள் ஒரே ஒரு தடவை, நல்லா நடிச்சீங்க என்று சொல்லிவிட்டால் போதும்.

அப்போதுதான் ஒரு காட்டுப் படத்தில் வேஷம் கிடைத்தது. சாபம் வாங்கிய மரவெட்டி ஒருவன் பாசி படர்ந்த மிருகமாகிக் காட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் கடித்துக் குதறுகிற கதை. கடைசியில் கதாநாயகன் கையால் மிருகம் சாகும், செத்ததும் மனிதனாக மாறும். டைரக்டர் அவர் தோளில் கை போட்டு, "அண்ணே, கடைசி ஷாட் உங்க மூஞ்சிக்கு க்ளோசப். படமே அதுலதான் முடியுது" என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மனைவி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். அதுவே பெரிய மரியாதை.

"நிஜமாவா?"

"அவரு வாயாலயே சொன்னாரு."

"அன்னிக்கு என்ன சட்டை போட்டுக்குவீங்க?"

"செத்துப்போன மரவெட்டிடி. சட்டையெல்லாம் கிடையாது."

"அப்ப முடியாவது ஒழுங்கா வெட்டிக்கிட்டுப் போங்க. செத்தாலும் பார்க்க லட்சணமா இருக்கணும்ல?"

அவர் முடிவெட்டிக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று விதவிதமாகச் செத்துப் பார்த்தார். கண் திறந்து, கண் மூடி, வாய் லேசாகப் பிளந்து. எதிலும் திருப்தி வரவில்லை.

மிருகத்தின் தோல் ரப்பரும் ஸ்பாஞ்சும். மேலே சணல் நாரும் பிளாஸ்டிக் பாசியும். தலையைக் கழுத்துக்குப் பின்னால் திருகாணி போட்டு முடுக்கிவிடுவார்கள். உள்ளே இருப்பவரால் கழற்ற முடியாது. மூக்கில் இரண்டு ஓட்டை, மூச்சுக்கு. கண் வழியாகக் காலடித் தரை மட்டும் தெரியும். உள்ளேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் ஒரு சைகை வைத்திருந்தார். இரண்டு கையாலும் நெஞ்சில் அறைந்துகொண்டால், உடனே ஓடி வந்து தலையைக் கழற்று என்று அர்த்தம்.

ஓடி வரவேண்டியவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. வேலைவெட்டி இல்லாமல் சுற்றியவனை அவர்தான் காஸ்ட்யூம் பிரிவில் சேர்த்துவிட்டிருந்தார். "நீங்க நெஞ்சுல தட்டுங்க மாமா, கைய எடுக்கறதுக்குள்ள அங்க இருப்பேன்" என்பான். நல்ல பையன்தான். ஆனால் அந்தத் தொழிலுக்கென்று ஒரு சட்டம் உண்டு. கேமரா ஓட ஆரம்பித்துவிட்டால் டைரக்டர் கட் சொல்லும்வரை ஒருத்தரும் ஃபிரேமுக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்த ஒருவனை அன்றைக்கே ஊருக்கு அனுப்பியதை மைத்துனன் கண்ணால் பார்த்திருந்தான்.

க்ளோசப் எடுக்கவேண்டிய அன்று, அதற்கு முன்னால் சண்டையை முடித்துவிடலாம் என்றார்கள். மிருகம் குத்துப்பட்டு ஓடையில் குப்புற விழவேண்டும், எழுந்து நாலடி தள்ளாடிச் சாகவேண்டும். விழுந்தார். சேறு மூக்கு ஓட்டைகளைக் கெட்டியாக அடைத்துக்கொண்டது. எழுந்து நின்று மூச்சை இழுத்தார், வரவில்லை. நெஞ்சில் அறைந்தார்.

கண் ஓட்டை வழியாக மைத்துனனின் செருப்பு ஓடிவருவது தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது. அந்தச் செருப்பு கேமராவின் எல்லையில் வந்து நின்றது. நின்றேவிட்டது. பக்கத்தில் டைரக்டரின் வெள்ளை ஷூ. அவர் மறுபடி அறைந்தார், ரப்பரைப் பிய்த்தார், முழங்காலில் விழுந்து மண்ணைப் பிறாண்டினார். செருப்பு அசையவில்லை. அப்புறம் எல்லாம் இருட்டு.

கண் விழித்தபோது தலை கழற்றப்பட்டிருந்தது. சேற்றுத் தண்ணீராய் வாந்தியெடுத்தார். சுற்றிலும் ஒரே கைதட்டல். "அண்ணே, பின்னிட்டீங்க!" என்று டைரக்டர் கட்டிப்பிடித்தார். அவர் மூச்சு, மூச்சு என்று சொல்லப் பார்த்தது யார் காதிலும் விழவில்லை. மைத்துனன் துண்டால் அவர் முகத்தைத் துடைத்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

உடம்பு கொஞ்சம் நிலைக்கு வந்ததும் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு டைரக்டரிடம் போனார்.

"தம்பி, க்ளோசப் எப்ப வச்சிருக்கீங்க?"

"அது வேணாம்ணே. இப்படி ஒரு சாவுக்கு அப்புறம் மூஞ்சியக் காட்டினா சப்புனு போயிடும். மிருகம் மிருகமாவே சாகட்டும்."

கொஞ்சம் சுமாராகச் செத்திருந்தால் முகம் வந்திருக்கும். நிஜமாகவே சாகப்போனதுதான் அந்த மனுஷன் செய்த குற்றம்.

வீட்டில் இதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மைத்துனனும் திறக்கவில்லை. படம் வந்ததும் மூவரும் பகல் காட்சிக்குப் போனார்கள். மனைவி பவுடர் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி வந்தாள். கடைசிக் காட்சியில் மிருகம் நெஞ்சில் அறைந்துகொண்டு செத்தபோது தியேட்டரில் மூச்சுச் சத்தமில்லை. பிறகு விசில் பறந்தது. முகம் வராமலே திரை கறுத்தது. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். "மூஞ்சி போனா போகுதுங்க. என்னமா நடிச்சிட்டீங்க! எனக்கே நெஞ்சை அடைச்சிடுச்சு. இத்தனை நாளா உங்கள என்னென்னவோ பேசிட்டேன்."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததை இவளிடம் சாகும்வரை சொல்லக் கூடாது என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தார். அவளுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த மைத்துனன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பெருமை வந்துவிட்டால் அவள் வாய் சும்மா இருக்குமா? கட்டிடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடி வீட்டு பஸ் டிரைவர், எதிர்வீட்டு நர்ஸ் என்று ஒரு கூட்டமே திரைத்துணிக் குவியல்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சாவை ஒரு தடவை செய்து காட்டவேண்டுமாம்.

"செய்ங்களேன், எல்லாரும் ஆசையாக் கேக்கறாங்க" என்றாள் மனைவி.

அவர் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றார். கற்ற வித்தை அத்தனையும் இறக்கினார். திணறினார், நெஞ்சில் அறைந்தார், முழங்காலில் விழுந்தார். அவருடைய சொந்த முகத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் டிரைவர் தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா படத்துல வந்த மாதிரி இல்லையே."

"அதுக்குள்ள வேற யாராவது இருந்தாங்களோ என்னவோ" என்றாள் நர்ஸ்.

"டூப்புக்கே டூப்பா?" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

மனைவியின் முகம் சுண்டிப்போனது. "இன்னொரு தடவை செய்ங்க. அங்க செஞ்ச மாதிரியே செய்ங்க."

செய்தார். முதல் தடவையைவிட மோசமாக வந்தது. அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, அது நீங்கதானே?"

அவர் மண்டியிட்டபடியே தரையைப் பார்த்தார். கதவோரம் நின்ற மைத்துனனுக்குத்தான் பொறுக்கவில்லை. "மாமாதான்க்கா. ஆனா அது நடிப்பில்ல. மூக்குல சேறு அடைச்சு நிஜமாவே மூச்சு நின்னுடுச்சு. நெஞ்சுல அடிச்சுக்கிட்டது என்னைக் கூப்பிட."

சிரிப்பு நின்றது. அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"நீ எங்கடா இருந்த?"

"பக்கத்துலதான் இருந்தேன். கட் சொல்லலக்கா."

அவள் கையை ஓங்கிக்கொண்டு போனாள். அதற்குள் முழங்காலிலிருந்து எழுந்த அவர் மைத்துனனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். சாகவிட்டு வேடிக்கை பார்த்தவனை இன்றைக்குக் கொன்றே போடப்போகிறார் என்று நர்ஸ் ஓடிவந்து விலக்கினாள்.

"ஏண்டா சொன்ன?" என்று கத்தினார் அவர். "நான் நல்லா நடிச்சேன்னு ஒரே ஒரு தடவை சொன்னாடா. அதையும் பிடுங்கிட்டியேடா!"