தாழ்மையுடன் பிரிகிறோம்

சின்னமனூரை ஒட்டிய ஒரு காலனியின் விரிவாக்கப் பகுதியில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது அங்கே பதினோரு வீடுகள் இருந்தன. வாய்க்காலுக்கு மேற்கே பழைய காலனி, கிழக்கே நாங்கள். எங்களுக்கு மனை காட்டியவரே பழைய காலனிச் சங்கத்தின் தலைவர்தான். அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். நீங்களெல்லாம் எங்கள் பிள்ளைகள் மாதிரி என்று அவர் சொன்னது அன்று இனிப்பாக இருந்தது. பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

சங்கத்தின் நிர்வாகிகள் எல்லோரும் மேற்குக்காரர்கள். தண்ணீர்த் தொட்டியும் மேற்கில். அவர்களுக்குக் காலை ஆறு மணிக்குத் தண்ணீர், எங்களுக்குப் பகல் பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் நான் பள்ளியில் இருப்பேன். மற்றவர்களும் வேலையில் இருப்பார்கள். ஓடைப்பட்டியிலிருந்து வந்த திராட்சை வியாபாரியின் மனைவி மட்டும் வீட்டில் இருப்பார். அந்த அக்காதான் எல்லா வீட்டுச் சாவிகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் குழாயைத் திறந்து தொட்டிகளை நிரப்பினார். நேரத்தை மாற்றும்படி மனு மேல் மனு கொடுத்தோம். பதிலாக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் வந்தது: ஒற்றுமை கருதி எல்லா வீட்டு கேட்டுகளும் கரும்பச்சை நிறத்தில் இருக்க வேண்டும்.

வியாபாரி தன் கேட்டுக்குத் திராட்சை நிறம் அடித்திருந்தார். ஒரு ஞாயிறு மாலை தலைவர் அவர் வீட்டுக்கு வந்தார். நான் எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்தேன்.

“கலரை மாத்திருங்க. சங்கத்துல முடிவாகிருச்சு” என்றார் தலைவர்.

“அங்கன எங்க ஆளு யாரு உக்காந்திருந்தாக?” என்றார் வியாபாரி.

“உங்களுக்கும் சேத்துத்தான நாங்க உக்காந்திருக்கோம்.”

வியாபாரியின் பின்னால் நின்ற அக்கா உள்ளே போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்து தலைவரிடம் நீட்டினார். “அப்ப நாளைக்குப் பதினோரு மணிக்கு எங்களுக்கும் சேத்து நீங்களே வந்து தண்ணி புடிச்சு வச்சிருங்க, சார்.”

தலைவர் சாவியை வாங்கவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் மாலை எங்கள் வீட்டு ஹாலில் கூட்டம். தனிச் சங்கம் என்று முடிவானது. தீர்மானத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது. கடலுக்கு அப்பால் குடியேறியவர்கள் தங்கள் ராஜாவை உதறிச் சுதந்திரப் பிரகடனம் எழுதிய கதையை ஒன்பதாம் வகுப்புக்குப் பல வருடங்களாக நடத்தியவள் நான். ஐந்து மதிப்பெண் கேள்வியாகத்தான் அது எனக்குப் பழக்கம். இருந்தும் குறைகளை வரிசையாக எழுதி, கடைசியில் “பிரிகிறோம்” என்று முடித்து, எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் திமிராக இருக்கிறதே என்று ஒருவர் தயங்கினார். “தாழ்மையுடன்” என்று முன்னால் சேர்த்தோம்.

தலைவர் அதைப் படித்துவிட்டு, இரண்டு ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார். தண்ணீர் நேரத்தை மாற்றாதபோது வந்ததைவிட அதிகக் கோபம் எனக்கு அப்போதுதான் வந்தது. இரண்டும் உண்மையான பிழைகள்.

ஒரு வருடம் நடையாய் நடந்து, எங்களுக்கென்று தனிக் குழாய் இணைப்பு வாங்கினோம். அதை யார் திறந்துவைப்பது என்பதில்தான் சிக்கல். வியாபாரி திறந்தால் புதிய சங்கத்தின் செயலாளருக்குப் பிடிக்காது. செயலாளர் திறந்தால் மற்றவர்களுக்குப் பிடிக்காது. அக்கா திறக்கட்டுமே என்றேன். அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை. கடைசியில் செயலாளர் சொன்னார்: “பெரியவரையே கூப்பிடுவோம். அவுகதான் முறை தெரிஞ்சவுக.” மறுப்பே வரவில்லை.

பழைய சங்கத்தின் தலைவர் வெள்ளை வேட்டியில் வந்தார். மாலை போட்டோம். குழாயைத் திறந்துவிட்டு, குழாய் பதித்த வாட்டம் சரியில்லை, கடைசி இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது என்றார். அதுவும் உண்மை. பிறகு ஒற்றுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு முடியும்வரை காத்திருக்காமல் அக்கா ஒரு தகரக் குடத்தைக் கொண்டுவந்து குழாய்க்கடியில் வைத்தார். தண்ணீர் விழுந்த சத்தத்தில் மீதிப் பேச்சு எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் கைதட்டினோம்.